மஞ்சள் மண்டலம்

அத்தியாயம் பதினேழு

விடியற்காலையில் சுனிதாவின் போன் அடித்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். "யார் கூப்பிட்டார்கள் என்றுகூடச் சொல்லாமல் ஒரு வாரம் காக்க வைப்பதா?" என்று வள்ளியூரிலிருந்து ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். அம்மா, இனி ஒளிக்க ஒன்றுமில்லை. போனில் வந்தது தம்பி முருகதாஸ். "அக்கா" என்றான். சுனிதாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்பா நாராயணபெருமாள் போய்விட்டார்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக நாலு வரி. நாராயணபெருமாள் கோட்டாற்றில் காலமெல்லாம் வாழைக்குலை வியாபாரம் செய்தவர். நாகர்கோவிலை ஒட்டிய பூவன்விளையில் ஓட்டு வீடு, அதன் பின்னால் வாழைத் தோட்டம். மூத்தவன் ஸ்ரீஜித் இருபது வயதில் பைக் விபத்தில் இறந்தான். அடுத்தவள் சுனிதா, கல்யாணமாகித் திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். கடைசி முருகதாஸ் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து, தோட்டத்தைப் பிளாட் போட்டு, ஒன்றில் தனக்கு மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். பஞ்சாயத்தாக இருந்த பூவன்விளை இப்போது மாநகராட்சியின் ஒரு வார்டு. ஊர் மாறவில்லை, போர்டு மாறிவிட்டது.

சுனிதா வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை. வராததற்காக வெட்கப்படவும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் தன்னுடையதாகவே இருக்காதே, அப்படி இருந்தது உடம்பு முழுவதும்.

வீட்டு முன்னறையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் அய்யாவழிக் குடும்பம். அவர்களிடம் எரிப்பது கிடையாது, பாடையில் படுக்க வைப்பதும் கிடையாது. உடம்பு விறைக்கும் முன்னால் சம்மணம் கூட்டி, நெற்றியில் நாமம் இட்டு, வடக்கு பார்த்து உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தபடியே அடக்கமும் செய்வார்கள். பெரும்பாலும் சொந்த நிலத்தில்.

பலகைமேல் உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகைச் சுவரோடு சேர்த்து ஒரு வெள்ளைத் துண்டால் தாங்கியிருந்தார்கள். குலை பேரம் பேசும்போதும் அவர் இப்படித்தான் உட்காருவார். சுனிதா பக்கத்தில் போய் நின்றாள், தோளைத் தொட்டாள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே போனாள்.

அடுக்களையில் அம்மா செல்லக்கனி சாயா வடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியா மக்கா? பஸ்ஸுல இடம் கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா."

"சாயா குடி. ராத்திரி ஒண்ணும் தின்னிருக்க மாட்டே."

கணவன் செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதா என்று முன்னறையில் ஒருத்தி முணுமுணுத்தாள். செல்லக்கனி காதில் வாங்கவில்லை. அவள் கை ஒரு டம்ளரை எடுத்தது, வைத்தது, மறுபடி அதே டம்ளரை எடுத்தது. அம்மாவும் தன்னைப்போல் மரத்துப் போயிருக்கிறாள் என்று சுனிதாவுக்குப் புரிந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று சாயா குடித்தார்கள். சீனி போட மறந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"அப்பாக்கு எடம் பாத்தாச்சா?" என்று கேட்டாள் சுனிதா.

"அது எப்பவே பாத்த எடந்தானே. மூத்தவனுக்க பக்கத்துல. பின்னால இஸ்ரவேல் அண்ணன் நிக்காரு, போய்ப் பாரு."

இதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே உயில். நாராயணபெருமாள் எழுதி வைக்கவில்லை. வாயால் நூறு தடவை சொல்லியிருக்கிறார். தோட்டத்தைப் பிளாட் போட்டபோதுகூட கிணற்றோரத்து மூலையை மட்டும் விற்க விடவில்லை. "அவன் அங்க ஒத்தைக்கு இருக்கான். நான் போய்ப் பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு ஒறக்கம் வரும்" என்பார்.

சுனிதா பின்வாசல் வழியாக இறங்கினாள். இரண்டு வருடமாக அவள் இந்தப் பக்கம் வரவில்லை. அப்பாவின் ஆஸ்பத்திரி, மருந்து, ஸ்கேன் என்று ஓடி வந்து ஓடிப் போனதோடு சரி. ஒரு தடவை வர நினைத்தபோது, "அங்க ஒரே சகதி, போகாண்டாம்" என்று அப்பாவே தடுத்துவிட்டார்.

கிணற்றோரம் இஸ்ரவேல் மம்பட்டியோடு நின்றார். கோட்டாற்றில் அப்பாவுக்குப் பக்கத்துக் கடைக்காரர், அப்பாவோடு தினமும் சண்டை போட்ட ஆத்ம நண்பர். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"மக்கா, எந்த எடத்துல தோண்ட?" என்றார். "மூத்தவன் எங்க இருக்கான்னே தெரியல்லியே. தப்பா ஒரு வெட்டு விழுந்துட்டுன்னா?"

சுனிதா பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அண்ணனின் சமாதி முழங்கால் உயரத்தில் ஒரு சிமென்ட் மேடை. முன்பக்கம் விளக்கு வைக்க ஒரு மாடம். அதில் கார்த்திகைக்குக் கார்த்திகை அவளே விளக்கு ஏற்றியிருக்கிறாள்.

மேடை இல்லை. மாடம் இல்லை. கிணற்றிலிருந்து மதில்வரைக்கும் செவ்வாழை நின்றது, நன்றாகத் தழைத்து.

சமாதி நடந்தா போகும்? சுனிதா திரும்பி வந்து முருகதாஸைத் தேடினாள். அவன் முற்றத்தில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"ஏலே, அண்ணனுக்க மேடை எங்க?"

"பெறவு சொல்லுகேன் அக்கா."

"இப்பச் சொல்லு. மம்பட்டியும் பிடிச்சிட்டு ஒரு மனுசன் அங்க நிக்காரு."

முருகதாஸ் பதில் சொல்லும் முன்னால் கேட் திறந்தது. பிரதீஷ் வந்தான். பின்பக்கப் பிளாட்டில் ஒன்றை வாங்கி, போன வருடம் வீடு கட்டிக் குடிவந்தவன். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, மனைவி, எட்டு மாதக் கைக்குழந்தை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அப்பாவைக் கும்பிட்டான். திரும்பி வந்து முருகதாஸின் முன்னால் நின்றான்.

"முருகதாஸ் அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கிணத்தோரமா அடக்கம் பண்ணப் போறதாச் சொன்னாங்க."

"ஆமா. எங்க எடத்துலதானே?"

"உங்க எடந்தான். ஆனா எங்க போர்வெல் அதுக்கு அடுத்தாப்புல இருக்கு. குழந்தைக்கு அந்தத் தண்ணியத்தான் காய்ச்சிக் குடுக்கோம். குடியிருப்புப் பகுதி, மஞ்சள் மண்டலம்னு மேப்பு பாத்துட்டுத்தான் நான் வாங்கினேன். நீங்களேதான் காட்டினீங்க." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் மாநகராட்சிக்கு போன் பண்ணிட்டேன் அண்ணே. உங்ககிட்டச் சொல்லாம இருக்க மனசு வரல்ல."

பிரதீஷைத் திட்டி யாரும் எனக்கு எழுத வேண்டாம். உங்கள் வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருந்தால் நீங்களும் போன் செய்திருப்பீர்கள். என்ன, நேரில் வந்து சொல்லியிருக்க மாட்டீர்கள்.

முருகதாஸின் முகம் வெளிறிவிட்டது. கோபத்தில் என்று பிரதீஷ் நினைத்திருப்பான். தம்பியைச் சின்ன வயதிலிருந்து அறிந்த சுனிதா, அது பயம் என்று கண்டுகொண்டாள்.

வெயில் ஏறும் நேரத்தில் நகரமைப்பு ஆய்வாளர் வந்தாள். செசிலி என்று பெயர். முட்டத்துக்காரி. ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு, தலையில் முக்காடிட்டு, வீட்டுக்குள் வந்து இறந்தவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செல்லக்கனியின் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு வருசம் முன்ன எடம் பாக்க வந்தப்ப எனக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் தந்து விட்டாரு. வேண்டாம்னு சொல்லியும் வண்டியில வச்சுவிட்டாரு."

"அவிய அப்படித்தான் மக்கா" என்றாள் செல்லக்கனி.

செசிலி போனில் வரைபடத்தைத் திறந்து முருகதாஸிடம் காட்டினாள். இஸ்ரவேலும் எட்டிப் பார்த்தார். நகரம் முழுவதும் கலர் கலராக இருந்தது. குழந்தைகள் கிரேயானால் தீட்டியதுபோல் மஞ்சள், நீலம், ஊதா, சிவப்பு, பச்சை.

"இது என்ன மேடம்?" என்றார் இஸ்ரவேல்.

"ஊரைப் பிரிச்சு வச்சிருக்கு அண்ணாச்சி. மஞ்சள்னா வீடு. நீலம்னா கடை கம்பெனி. ஊதா தொழிற்சாலை. சிவப்பு ஸ்கூல், ஆஸ்பத்திரி மாதிரி. பச்சை விவசாயம். எங்க எது வரலாம், எது வரக்கூடாதுன்னு இதை வச்சுத்தான் பாப்போம். வீட்டுக்குப் பக்கத்துல பட்டறை வந்துடக்கூடாது, கிணத்துக்குப் பக்கத்துல இடுகாடு வந்துடக்கூடாது, அதுக்குத்தான்."

"கோட்டாத்துல எனக்க கடைக்கு மேல வீடு. கீழ குலை. பின்னால ஒருத்தன் மாவு மில்லு வச்சிருக்கான். அதுக்கு என்ன கலர்?"

செசிலிக்குச் சிரிக்கத் தோன்றியது. சாவு வீடு என்று அடக்கிக்கொண்டாள்.

"அது பிளான் போடுறதுக்கு முன்னாலேயே இருக்கு. முன்னாலேயே இருந்ததை நாங்க பிடுங்கிப் போட மாட்டோம். அது பாட்டுக்கு இருக்கலாம். புதுசாத்தான் விடமாட்டோம்." அவள் முருகதாஸைப் பார்த்தாள். "உங்க நிலம் பச்சையில இருந்துது. மனு குடுத்து மஞ்சளா மாத்தியாச்சு. மஞ்சள்ல அடக்கம் செய்ய நான் அனுமதி தர முடியாது. புகாரும் வந்திருக்கு. நான் கண்டும் காணாம போகவும் முடியாது."

"எங்க சொந்த எடம் மேடம். காலங்காலமா எங்க ஆளுக இப்படித்தான்."

"தெரியும். உங்க வழக்கத்தை நான் குத்தம் சொல்லல்ல. பச்சையா இருந்திருந்தா இன்னைக்கு ஒரு பேச்சும் இருந்திருக்காது."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இந்த வீட்டில் எல்லோரும் செய்த தப்பு ஒன்றே ஒன்று. கலர் என்பது பேப்பருக்கு மட்டும் என்று நினைத்துவிட்டார்கள். வீடு கட்ட மஞ்சள் வேண்டும் என்றார்கள், மாற்றினார்கள். அனுமதி வந்துவிட்டால் நம் மண்ணில் நாம் உட்காருவதை யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள். செத்தவன் மண்ணுக்குள் இருப்பதையும் நில உபயோகம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

செசிலி கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஒரு வழி இருக்கு. முன்னாலேயே அங்க குடும்பத்துல யாரையாவது அடக்கம் செய்திருக்கா? இருந்தா, ஏற்கெனவே இருக்குற உபயோகம்னு சொல்லி மேல பேசிப் பாக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போகும், ஆனா பேசலாம். நான் வந்தப்ப அங்க ஒண்ணும் பாத்த ஞாபகம் இல்ல. வாழைதான் நின்னுது. ரிப்போர்ட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாராவது இருக்காங்களா?"

முன்னறையில் அப்பா வடக்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். சுனிதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல" என்றான் முருகதாஸ்.

"யாருமே இல்லியா?"

"இல்ல மேடம்."

இஸ்ரவேல் வாயைத் திறந்தார். முருகதாஸ் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். செல்லக்கனி அசையவில்லை. கேட்டாளா, கேட்கவில்லையா என்றே தெரியவில்லை.

"அப்ப மாநகராட்சி இடுகாட்டுலதான்" என்றாள் செசிலி. "சாயங்காலம் வண்டி அனுப்பச் சொல்லுகேன். உங்க முறைப்படி உட்கார வச்சே செய்யலாம். நானே கூட வந்து பாத்துக்கிடுகேன்."

அவள் போனில் பேசுவதற்காக முற்றத்துக்குப் போனதும், சுனிதா தம்பியின் கையைப் பிடித்துக் கிணற்றோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணனை இல்லேன்னு சொல்லிட்டியேல" என்றாள். கத்தவில்லை. கத்த வேண்டும் என்றுதான் வந்தாள், குரல் எழும்பவில்லை.

"என்னை வேற என்ன செய்யச் சொல்லுகே?"

"மேடையை ஒடைச்சது நீதானே?"

"நான் இல்ல அக்கா." முருகதாஸ் கையை விடுவித்துக்கொண்டான். "சத்தியமா நான் இல்ல. எடம் பாக்க ஆளு வருதுன்னு தெரிஞ்சுது. சமாதி இருக்குன்னா மஞ்சளா மாத்தித் தரமாட்டாங்கன்னு மனு எழுதினவன் சொல்லிட்டான். 'பேசாம விட்டுருவோம் அப்பா'ன்னு நான் சொன்னேன். மறுநாள் நான் மார்த்தாண்டத்துக்குக் கம்பி எடுக்கப் போயிட்டு வாறேன், மேடை இல்ல. அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வாழைக்கன்னு நட்டுக்கிட்டு நிக்காரு."

"அப்பாவா?"

"'செத்த பிள்ளைக்கு எடம் வேணுமா, இருக்குத பிள்ளைக்கு எடம் வேணுமா'ன்னு கேட்டாரு. நான் என்ன பதில் சொல்ல? 'அவன் ஒண்ணும் நெனைக்க மாட்டான், அவன் பாவம்'னு சொன்னாரு. சொல்லிட்டு ரெண்டு நாளு சாப்பிடல்ல. அம்மா பாத்துட்டுத்தான் இருந்தா."

சுனிதா செவ்வாழைகளைப் பார்த்தாள். அப்பா இதை ஒற்றைக்கு உடைத்தார், ஒற்றைக்கு நட்டார், தன்னிடம் சகதி என்று பொய் சொன்னார். இதற்கெல்லாம் நெஞ்சு வெடிக்க வேண்டும். வெடிக்கவில்லை. யாரோ ஒரு குடும்பத்தின் கதையைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொல்லக் கேட்பதுபோல்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இப்பச் சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"மறைச்சு மாத்தினதுன்னு ஆகும். மாத்தினதையே ரத்து செய்யலாம். எனக்க வீட்டு அனுமதி போவும். பிரதீஷுக்க வீட்டுக்கும் அதே கெதிதான், அவனும் இதுக்குள்ளதானே இருக்கான்." அவன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்த்தான். மாடிக்குச் சாரம் கட்டியிருந்தது. "சொல்லணும்னா நீ சொல்லு அக்கா. நான் உன்னைத் தடுக்க மாட்டேன். எனக்கு வாய் வரல்ல."

பின்பக்க வீட்டில் பிரதீஷின் மனைவி குழந்தைத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் துணியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சுனிதா முற்றத்துக்கு வந்தாள். செசிலி போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"என்ன அக்கா? ஏதும் சொல்லணுமா?"

ஒரு வார்த்தை போதும். அண்ணன் இருக்கான் என்று சொன்னால் போதும். அப்பா போக வேண்டிய இடத்துக்குப் போகலாம். தம்பியின் வீடு நிற்குமா என்பது அப்புறம்.

"இல்ல" என்றாள் சுனிதா. "சாயா குடிச்சீங்களான்னு கேக்க வந்தேன்."

தம்பி சொன்ன அதே வார்த்தை தன் வாயிலும் இவ்வளவு எளிதாக வந்ததை நினைத்துக்கொண்டே அவள் அடுக்களைக்குப் போனாள். அம்மா அங்கே இருந்தாள்.

"அம்மா, நான் சொல்லிருக்கணுமோ?"

செல்லக்கனி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"வண்டி வந்துட்டா பாரு மக்கா" என்றாள்.

வண்டி வந்தது. பலகையோடு அப்பாவைத் தூக்கினார்கள். படுக்கிற வண்டியில் உட்கார்ந்தவரை எப்படிக் கொண்டுபோவது என்று டிரைவருக்குத் தெரியவில்லை. இஸ்ரவேல் ஏறி, நண்பரின் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கோட்டாற்றுக்குப் போகும் மினி லாரியில் அவர்கள் இரண்டு பேரும் இப்படி எத்தனையோ விடியற்காலை ஒட்டி உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

செல்லக்கனியும் வண்டியில் கால் வைத்தாள்.

"நீ எதுக்கும்மா? பொம்பளைக அங்க வாறது இல்லியே" என்றான் முருகதாஸ்.

"வீட்டுக்குப் பின்னால வைக்கிறதா இருந்தா பின்வாசல்ல நின்னு பாத்திருப்பேன். அங்க கொண்டு போறீங்க. நான் எந்த வாசல்ல நிக்க?"

முருகதாஸ் ஒதுங்கி வழிவிட்டான். சுனிதாவும் ஏறிக்கொண்டாள். வண்டி திரும்பும்போது பிரதீஷ் தன் கேட்டில் கைகூப்பி நின்றான். செல்லக்கனி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மாநகராட்சி இடுகாடு பழையாற்றுப் பக்கம். சுற்றுச்சுவர், இரும்புக் கேட், நம்பர் போட்ட வரிசைகள். காவல்காரர் ஆள் நீளத்துக்குக் குழி வெட்டி வைத்திருந்தார். உட்கார வைப்பதென்றால் சதுரமாகவும் ஆழமாகவும் வேண்டும். "முன்னயே சொல்லியிருந்தா..." என்று இழுத்தவர், செல்லக்கனி நிற்பதைப் பார்த்துவிட்டு மம்பட்டியை எடுத்தார். இஸ்ரவேலும் முருகதாஸும் சேர்ந்து வெட்டினார்கள். செசிலி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து, ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். புகார் முடிந்தது என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முருகதாஸ் சட்டையைக் கழற்றிவிட்டுப் பேய்மாதிரி வெட்டினான். இஸ்ரவேல் "பைய, பைய" என்று சொல்லியும் நிறுத்தவில்லை. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். அதைப் பார்த்துச் சுனிதாவுக்குப் பொறாமையாக இருந்தது. அழுகிற அளவுக்காவது அவனுக்குள் ஏதோ வேலை செய்கிறது.

அப்பாவை இறக்கினார்கள். வடக்கு எது என்று ஒரு நிமிடம் எல்லோரும் குழம்பினார்கள். பிறந்ததிலிருந்து வீட்டில் வடக்கு எது என்று யோசிக்க வேண்டி வந்ததில்லை. இங்கே சுவர்தான் நாலு பக்கமும். கடைசியில் இஸ்ரவேல் மேற்கே இறங்கும் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு முகத்தைத் திருப்பி வைத்தார். "அரகரா" என்று இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. கூட்டம் குறைவு. சொந்த நிலமாக இருந்திருந்தால் ஊரே நின்றிருக்கும்.

காவல்காரர் வரிசையைப் பார்த்துவிட்டு வந்தார். முருகதாஸிடம் மெதுவாகக் கேட்டார்.

"பக்கத்துல ஒரு எடம் விட்டு வைக்கட்டா? சில பேரு பின்னால வந்து சண்டை பிடிப்பாங்க. முன்னயே சொன்னா நான் குறிச்சு வச்சிருவேன். வீட்டுக்காரம்மாவுக்கு..."

அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் செல்லக்கனிக்குக் கேட்டுவிட்டது.

"விடு" என்றாள். "எனக்கு இல்ல. எனக்க மூத்தவனுக்கு."

காவல்காரர் புரியாமல் முருகதாஸைப் பார்த்தார்.

"அம்மா, பேசாம இரு" என்றான் முருகதாஸ்.

"காலையில இருந்து பேசாமத்தானே மக்கா இருந்தேன். நீ இல்லேன்னு சொல்லும்போதும் பேசாம இருந்தேன். உங்க அக்கா இல்லேன்னு சொல்லும்போதும் பேசாம இருந்தேன். அவிய மேடையை இடிக்கும்போது கல்லு பெறக்கிக் கொடுத்ததே நான்தான், அப்பவும் பேசல்ல."

வேப்பமரத்தடியிலிருந்து செசிலி அருகே வந்தாள்.

"யாரும்மா மூத்தவன்?"

"அம்மா!" என்றான் முருகதாஸ்.

செல்லக்கனி மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலில் கோபமில்லை, அழுகையும் இல்லை. கடையில் சாமான் கேட்கும் குரலில் பேசினாள்.

"ஸ்ரீஜித்துன்னு பேரு. வீட்டுக்குப் பின்னால, கிணத்தோரத்துல இருக்கான். நீ வந்து பாத்த அதே வாழைக்குக் கீழ. இவிய அவன்கிட்டப் போகக்கூடாதுன்னு நீ சொல்லிட்டே. சட்டம்னா சரிதான், நான் சண்டைக்கு வரல்ல. அப்ப அவனை இவியகிட்டக் கொண்டு வரணும். அதுக்கு எங்க வந்து எழுதித் தரணும்னு மட்டும் சொல்லு."

மண் தள்ளிக்கொண்டிருந்த இஸ்ரவேலின் மம்பட்டி நின்றது. முருகதாஸ் கிழிந்த கையைப் பொத்திக்கொண்டு குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சுனிதா அம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு எங்கேயோ வலித்தது.

செசிலி போனை எடுத்தாள், பார்க்காமலே வைத்தாள். தான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை அவள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு முருகதாஸிடம் திரும்பினாள்.

"நாளைக்குக் காலையில நான் வருவேன். என்கூட ஆபீசுல இருந்து இன்னும் ரெண்டு பேரு வருவாங்க. அதுவரைக்கும் அந்த வாழையை யாரும் தொடக்கூடாது."

"நாங்க தொட மாட்டோம் மக்கா" என்றாள் செல்லக்கனி. "ஆனா நீங்க தோண்டும்போது பாத்துத் தோண்டணும். அவன் வடக்கு பாத்து இருக்கான், மொகத்துல மம்பட்டி பட்டுரக்கூடாது."